நாணம் வேறு, கூச்சம் வேறு

நாணம் ஈமானின் ஒரு கிளை என்று நவின்றார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். ஆனால், விருந்தினரைக் கண்டு கதவின் பின்னே ஒளிவதும், விடை தெரிந்தும் வகுப்பில் வாய்மூடி இருப்பதும் அந்த நாணமன்று. தீமை செய்யத் தயங்குவது நாணம். நன்மை செய்யவும் தயங்குவது கூச்சம். முன்னதைப் போற்றி வளர்க்க வேண்டும். பின்னதைப் பக்குவமாய் நீக்க வேண்டும்.

ஒருநாள் பெருமானார் (ஸல்) அவர்கள், இலை உதிராததும் முஸ்லிமுக்கு உவமையாவதுமான மரம் எது எனத் தோழர்களிடம் வினவினார்கள். அது பேரீச்ச மரம் என்பது இளைஞர் அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களின் உள்ளத்தில் உதித்தது. எனினும், மூத்தோர் அவையில் பேச வெட்கி வாளாவிருந்தார்கள். பின்னர் அதனை அறிந்த தந்தை உமர் (ரலி) அவர்கள் மகனைக் கடியவில்லை. மகன் சொல்லியிருந்தால் அது தமக்கு எத்துணை உவப்பாயிருக்கும் என்றே எடுத்துரைத்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் காணப்படும் செய்தி இது.

பெற்றோர்களே! நாம் செய்வதென்ன? "நீ என்ன ஊமையா?" என்று நாலு பேர் முன்னிலையில் அதட்டுகிறோம். பிள்ளை மேலும் சுருங்கிவிடுகிறது. குலசேகரன்பட்டினம் போன்ற கரையோர ஊர்களில் வாப்பாமார் பலர் பொருள் தேடிக் கடல் கடந்திருப்பதால், ஆடவரோடு பேசிப் பழகும் வாய்ப்பும் பிள்ளைகட்கு அருகிவிடுகிறது.

இதற்கு நல்ல மருந்து, திறந்த வெளியில் சிறு குழுவாய்ச் செய்யும் பணி. 1907 ஆகஸ்டில், இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், பேடன் பவல் ஏறத்தாழ 20 சிறுவர்களை 4 அணிகளாக்கிப் பாசறை நடத்தினார். சாரணர் இயக்கத்தின் வித்து அதுவே. சிற்றணியில் ஒவ்வொருவனுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. தான் இட்ட முடிச்சு அவிழ்ந்தால் கூடாரம் சாயும் என்பதைச் சிறுவன் உணர்கிறான். அம்முடிச்சை அடுத்தவனுக்குக் கற்பிக்கும்போது அவன் வாய் தானே திறக்கிறது. 1950-இல் உருவான பாரத சாரணர் இயக்கத்தில் 1951-இல் சாரணியரும் இணைந்தனர். 2025 ஜனவரி இறுதியில் மணப்பாறையில் கூடிய சாரணர் பெருந்திரளணியில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஒன்றாய்ப் பாசறையில் தங்கினர்.

பள்ளியில் சாரணர் படை இருப்பின் பிள்ளைகளைச் சேருங்கள். பெண்மக்களைச் சாரணியரில் சேருங்கள். இல்லையேல், ஜமாஅத்தின் பொறுப்புள்ள இளைஞர்கள் ஆறேழு சிறுவர்களை விடுமுறை நாளில் அஸருக்குப் பின் கடற்கரைக்கு அழைத்துச் செல்லட்டும். கடலறிந்த பெரியவர் ஒருவர் உடனிருப்பது கட்டாயம். கூச்சமுள்ள பிள்ளை முதல் நாள் பாய் விரிக்கட்டும். மறுமுறை, சாயும் கதிரவனைக் கொண்டு கிப்லாத் திசையைக் காட்டட்டும். மனம் துணிந்த நாளில் மஃரிபுக்கு பாங்கு சொல்லட்டும். குரல் நடுங்கினால் எவரும் நகைக்கலாகாது.

பிள்ளை வீடு திரும்பியதும், "உன் தோழன் என்ன செய்தான்?" என ஒப்பிடாதீர்கள், "இன்று நீ என்ன செய்தாய்?" என்று கேட்டு, சொல்லி முடிக்கும்வரை செவிசாயுங்கள்.

இறைவனுக்கு அஞ்சி, மனிதர்முன் நிமிர்ந்து நிற்கும் மக்களை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.