கடலில் கலப்பது வீணா?

ஐப்பசி மழையில் நாஞ்சில் நாட்டின் பழையாறு கரைமுட்டி ஓடினால் போதும், உபரி நீர் வீணாகக் கடலில் கலக்கிறது என்ற புலம்பல் தொடங்கிவிடும். டீக்கடை பெஞ்சானாலும் அரசியல் மேடையானாலும் இந்த ‘வீணாக’வுக்கு மறுபேச்சு கிடையாது. படித்தவர்கள்தான் இதை இன்னும் உரக்கச் சொல்கிறார்கள்.

இவர்கள் விலாங்கைக் கேட்டதில்லை.

நம் குளத்திலும் ஆற்று மடுவிலும் பதுங்கிக் கிடக்கும் விலாங்கு அங்கே முட்டையிடுவதே இல்லை. சினைவிலாங்கை யாரும் பார்க்காததால் அது சேற்றில் தானாக உண்டாகிறது என்று அரிஸ்டாட்டிலே நினைத்தார். உண்மையில் அதன் பேறுகாலம் நடுக்கடலில். ஜப்பானிய விலாங்கின் முட்டையை மரியானா தீவுகளுக்கு மேற்கே கடலில் கண்டெடுத்ததே 2009-இல்தான். பொரிக்கும் குஞ்சு விலாங்கு போலவே இருக்காது. கண்ணாடியில் வெட்டிய இலை மாதிரி நீரோட்டத்தில் மிதந்து வரும். கரையை நெருங்கும்போது ஒடுங்கி உருண்டு, உடம்புக்குள் இருப்பது வெளியே தெரியும் சின்ன விலாங்காகிப் பொழிமுகம் வழியாக ஆறேறும். பிறகு பல வருஷம் நன்னீரில் வளர்ச்சி. புறப்படும் காலம் வந்ததும் கண் பெருக்கும், வயிறு வெள்ளி பூக்கும், குடல் சுருங்கும். தீனியை விட்டுவிட்டு வெள்ளத்துக்குக் காத்திருந்து கடலுக்கு இறங்கும். ஒரே ஒரு முறை முட்டையிடும், அதோடு சாகும்.

கண்ணாடிக் குஞ்சுக்கு ஆற்றின் வாசலைக் காட்டுவதில் கடலில் கலக்கும் நன்னீரின் வாசனைக்குப் பெரும் பங்கு உண்டு. திரும்பிப் போகும் விலாங்கைக் கொண்டுசேர்ப்பதும் அதே வெள்ளம். நாம் வீண் என்று எழுதிவைத்த தண்ணீர்தான் அதற்கு வரும் வழியும் போகும் வழியும்.

விலாங்கு மட்டுமா? பழையாறு கடலில் சேரும் மணக்குடிக் காயலின் அலையாத்தி மரங்களும் இறால் குஞ்சுகளும் உப்பும் நன்னீரும் கலந்த தண்ணீரில் பிழைப்பவை. ஆற்றின் வரத்து குறைந்தால் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே ஏறும். கரையோரக் கிணறு உப்புக் கரிக்கும்.

அணையே கூடாது என்று சொல்ல வரவில்லை. 1906-இல் முடிந்த பேச்சிப்பாறை அணை இல்லாமல் நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரு நெற்போகமும் இந்த அளவுக்கு எப்படி விளைந்திருக்கும்? கடைமடைக்குத் தண்ணீர் வராத விவசாயியின் கோபமும் நியாயமானது. ஆனால் அவர் வயலுக்கு வராத தண்ணீர் பெரும்பாலும் தூர்ந்த கால்வாயிலும் ஆக்கிரமித்த குளத்திலும் காணாமல் போகிறது. பழியை மட்டும் கடல் சுமக்கிறது.

அணை மறித்த வழியைத் திறந்துவிட்டவர்களும் உண்டு. அமெரிக்காவில் எல்வா ஆற்றின் குறுக்கே 1913-இல் கட்டிய அணையையும் அதற்கு மேலிருந்த இன்னொன்றையும் 2011 முதல் 2014 வரை உடைத்தெடுத்தார்கள். சால்மன் மேலேறியது. விலாங்கு போன்ற உடம்பும் தாடையில்லாத உறிஞ்சுவாயும் கொண்ட லாம்ப்ரேயும் தானாகத் திரும்பி வந்தது.

நமக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். பழையாற்றின் தடுப்பணைகளைப் பழுதுபார்க்கும்போது ஒரு ஓரத்தில் சொரசொரப்பான சரிவு கட்டி, அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் வழியவிட்டால் போதும். குட்டி விலாங்கு ஈரச் சுவரைப் பற்றி ஏறிவிடும். ஐரோப்பாவில் இதற்கென்றே தூரிகை பதித்த ஏணிகள் வைத்திருக்கிறார்கள். அணைக்கட்டு மதிப்பீட்டில் சிமெண்டுக்கும் கம்பிக்கும் பக்கத்தில் இந்தச் செலவையும் நீர்வளத் துறை ஒரு வரியாகச் சேர்க்கட்டும். மழைக்காலத்தில் பொழிக்கு இவ்வளவு தண்ணீர் போயே ஆக வேண்டும் என்று ஒரு அளவையும் குறிக்கட்டும்.