மனச்சான்றும் தடுப்பூசியும்



"கொவிட் தடுப்பூசியை மறுப்பது என் மனச்சான்றின் உரிமை" என்போர் சுவிற்சர்லாந்து வாழ் நம் மக்களிடையே இன்றும் உள்ளனர். அவ்வுரிமையைத் திருஅவை மறுக்கவில்லை.

பல்லாண்டுகளுக்கு முன் கருக்கலைப்புக்குள்ளான சிசுக்களிலிருந்து வளர்த்தெடுக்கப்பட்ட உயிரணுக்கள், சில தடுப்பூசிகளின் தயாரிப்பிலோ சோதனையிலோ பயன்பட்டமை பலரின் உள்ளத்தை உறுத்தியது. உரோமையின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2020 டிசம்பர் 21 அன்று அதற்கு விடையளித்தது. நன்னெறி ஐயமற்ற வேறு தடுப்பூசி கிடைக்காதபோது இவற்றை ஏற்கலாம்; எனினும் அது அவரவர் விருப்பத்துக்குரியது என்றது.

அதே ஏட்டின் மற்றொரு கூற்றை நாம் மறந்துவிடுகிறோம்: மனச்சான்றின் பொருட்டு மறுப்பவர், தம்மால் நோய் பிறருக்குப் பரவாதிருக்க இயன்ற அனைத்தையும் செய்தாக வேண்டும். கடமையைத் துறந்த உரிமை மனச்சான்றாகாது.

"நோய் வந்தால் மருந்து உண்டே" என்பதும் போதாது. பாக்ஸ்லோவிட் மாத்திரையை அறிகுறி தோன்றிய ஐந்து நாள்களுக்குள் தொடங்க வேண்டும்; முதியோர் உண்ணும் பல மருந்துகளோடு அது ஒவ்வாது. தடுப்பூசியோ, தொற்றை முற்றாகத் தடுக்காவிடினும், கடும் நோயையும் இறப்பையும் பெரிதும் குறைக்கிறது.

எனவே 65 வயதைக் கடந்தோரே, இலையுதிர்காலத்தில் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். மறுப்போரே, இருமலோடு திருப்பலிக்கு வராதீர்கள். முகக்கவசமின்றி முதியோரை நெருங்காதீர்கள். அச்சத்திற்கு மனச்சான்று எனப் பெயரிடாதிருப்போம்.

இறையாசீர் உங்களோடு இருப்பதாக!