வீட்டுக் கூரைச் சூரிய மின்சாரமும் சர்க்கார் மானியமும்

சூரிய ஒளியினின்று மின்சாரம் உண்டாக்கும் தகடுகளை வீட்டுக் கூரையில் அமைக்க எண்ணும் குடியானவருள், மானியம் இன்னும் உயருமெனக் காத்திருப்பாருமுண்டு. இது சிக்கன வழியன்று. மானியம் நிலையான தொகையன்று.

2019-ம் வருஷத்துத் திட்டத்தில், 3 கிலோவாட் வரை மதிப்பீட்டு விலையில் நூற்றுக்கு 40 பாகமும், அதற்குமேல் 10 கிலோவாட் வரை 20 பாகமும் அளிக்கப்பட்டன. 2024-ம் வருஷம் பிப்ரவரியில் இந்திய சர்க்கார் தொடங்கிய சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டத்திலோ, 1 கிலோவாட்டுக்கு ரூ. 30,000, இரண்டுக்கு ரூ. 60,000, மூன்றுக்கும் அதற்கு மேற்பட்டதற்கும் ரூ. 78,000 என வரையறுக்கப்பட்டது. ஆகவே, மூன்றுக்கு மேற்பட்ட செலவு முழுதும் குடியானவரையே சாரும். 1 கிலோவாட் அமைப்பு தினம் சுமார் 4 யூனிட் தருமாதலால், ஓராண்டு மின் ரசீதுகளைக் கூட்டிப் பார்த்துத் தேவைக்குத் தக்க அளவையே அமைத்தல் நலம்.

மானியம், அமைத்து முடித்துப் பரிசோதித்த பின்னரே பாங்குக் கணக்கில் சேரும். முதற்பணமில்லாத சிறு குடிகளுக்கு இதுவே பெருந்தடை. 3 கிலோவாட் வரை ஈடின்றிக் கடன் பெறவும் அத்திட்டத்தில் ஏற்பாடு செய்யப்பட்டது. கிராம அதிகாரிகள் இத்தகைய வசதிகளைக் குடிகளுக்கு விளக்கி, மனு எழுதவும் துணைபுரிவாராக. மானியத்தை நீக்கியும் முதல் எத்தனை வருஷத்தில் திரும்புமெனக் கணக்கிட்டு இறங்குபவர், விதிகள் மாறினும் நஷ்டமடையார்.