ஏசுவதற்கு முதல் காதைப் பாருங்கள்



"வகுப்பில் கவனமே இல்லை." கடைசி வாங்கில் இருந்த ஒரு பிள்ளையின் ரிப்போர்ட்டில் நாங்களும் இப்படித்தான் எழுதினோம். பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்பது ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த வருடத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

டீவி சத்தத்தைக் கூட்டுகிற, சொன்னதையே திரும்பக் கேட்கிற, பேச்சுப் பிந்துகிற பிள்ளையைப் பெரிய அரச ஆஸ்பத்திரியின் காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். காசு இல்லை. குறும்பி அடைப்போ, உள்ளே நீர்த் தேக்கமோ என்றால் மெஷின் இல்லாமலே சரிவரலாம்.

இல்லாவிட்டால் ஓடியோலஜிஸ்டிடம் அனுப்புவார்கள். பக்கத்தில் எங்கே இருக்கிறார் என்று அங்கேயே கேளுங்கள். சத்தமில்லாத அறையில் சோதித்து, எந்த ஓசை எத்தனை டெசிபலில் கேட்கிறது என்று வரைந்து தருவார். அந்த ஓடியோகிராம் கையில் இல்லாமல் கடையில் மெஷின் வாங்க வேண்டாம். வாங்கினாலும் பிறகு செட் பண்ண, திருத்த ஆள் கிட்டத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது அலுமாரியில்தான் கிடக்கும்.

மூக்குக் கண்ணாடிக்கு வெட்கப்படாத நாம் காது மெஷினுக்கு ஏன் வெட்கப்பட வேண்டும்?

உம்மாமாரே, வாப்பாமாரே, ஒரு நாள் லீவு போடுங்கள். ஆசிரியர்களே, அந்தப் பிள்ளையை நாளைக்கே முன் வாங்குக்கு எடுங்கள்.