ஐயாயிரம் பெறாத சைக்கிள்

"எந்தப் பூட்டுண்ணே ஸ்ட்ராங்கா இருக்கும்?" என்று கேட்டுக்கொண்டு கடைக்கு வருகிறவர்களில் பலரும் ஏற்கெனவே ஒரு சைக்கிளைப் பறிகொடுத்தவர்கள். பெரம்பூரில் அப்பா காலத்திலிருந்து சைக்கிள் கடை எங்களுக்கு. பூட்டும் விற்கிறேன், சாவி தொலைந்துவிட்டது என்று வந்தால் அதே பூட்டை அறுத்தும் கொடுக்கிறேன். எது எவ்வளவு தாங்கும் என்பது கைக்குத் தெரியும்.

சைக்கிளோடு வரும் பின்சக்கர வளையப் பூட்டு, ஸ்போக்ஸுக்கு நடுவே ஒரு கம்பியை நுழைப்பதோடு சரி. சக்கரம் சுற்றாது, அவ்வளவுதான். பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்து முன்சக்கரத்தில் உருட்டிக்கொண்டு போகிறவனைப் பார்த்தால், பஞ்சர் ஒட்டப் போகிறான் என்றுதான் தெருவில் நினைப்பார்கள். மீன்பாடி வண்டியில் ஏற்றிவிட்டால் அந்த சிரமமும் இல்லை.

கலர் கலராகத் தொங்கும் கேபிள் பூட்டு பார்வைக்கு விரல் தடிமன் இருக்கும். அறுத்துப் பாருங்கள், முக்கால்வாசி பிளாஸ்டிக் உறை. நடுவில் முறுக்கிவிட்ட சன்னமான கம்பி இழைகள். கட்டிங் பிளேயரால் நாலு நாலு இழையாகக் கடித்துக்கொண்டே வந்தால், சாவியைத் தொலைத்தவர் டீயைக் குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். நம்பர் பூட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். நம்பர் மறந்துபோச்சு என்று வந்தால் என் கடைப் பையன் விரல் பதத்திலேயே திறந்து கொடுத்துவிடுவான்.

காசுக்குத் தகுந்தவை கெட்டிப்படுத்திய இரும்புச் சங்கிலியும் யூ லாக்கும்தான். ஹேக்ஸா பிளேடு வழுக்கும். கிரைண்டர் வைத்தால் அறுபடும். ஆனால் சத்தத்துக்கும் தீப்பொறிக்கும் தெருவே திரும்பிப் பார்க்கும். நல்லதாக வாங்கினால் ஆயிரம் ரூபாய்க்குக் குறையாது. சரி, வாங்கியாயிற்று. அதை எதில் பூட்டுவது?

பின்சக்கரம், ஃபிரேம், தரையில் ஊன்றிய ஒரு கம்பி, மூன்றும் யூ லாக்குக்குள் அடங்க வேண்டும். சென்னையில் அப்படி ஒரு கம்பியைக் காட்டுங்கள் பார்க்கலாம். மின்கம்பம் அதற்குள் நுழையாது. நோ பார்க்கிங் கம்பம் பெரும்பாலும் ஆள் உயரம்தான், இரண்டு பேர் சேர்ந்தால் பூட்டோடு மேலே தூக்கி உருவிவிடலாம். கடை வாசல் கிரில்லில் மாட்டினால் கடைக்காரர் விரட்டுவார். ரயில் நிலைய ஸ்டாண்டில் காசு கொடுத்து விட்டாலும் சைக்கிளை மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்துவைத்துவிட்டு, பைக்குகளுக்கு இடம் ஒழிப்பார்கள். 'நிர்வாகம் பொறுப்பல்ல' என்று சீட்டிலேயே அச்சடித்திருக்கும்.

நடப்பவருக்கும் சைக்கிளில் போகிறவருக்கும் முன்னுரிமை என்று சென்னை மாநகராட்சி 2014-லேயே ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. நடைபாதைகள் சில இடங்களில் அகலமானது உண்மை. பாண்டி பஜாருக்குப் போனால் தெரியும். ஆனால் சைக்கிளைப் பூட்ட ஒரு கம்பி? 'ப' எழுத்தைக் கவிழ்த்த மாதிரி இரும்புக் குழாயை வளைத்து, இரண்டு காலையும் கான்கிரீட்டில் புதைத்தால் இரண்டு சைக்கிள் நிற்கும். வெல்டிங் பட்டறையில் ஒரு நாள் வேலை. மின்ரயில் நிலையம், ரேஷன் கடை, அரசு மருத்துவமனை வாசல்களில் வரிசையாக அதை ஊன்ற ஏன் கை வரவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

இதில் அடிபடுகிறவர் யார் என்றும் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ஓர் அடுக்குமாடியில் இரவுக் காவல் பார்க்கும் பெரியவர் இருக்கிறார். குடியிருப்பவர்களின் கார்கள் உள்ளே. அவர் சைக்கிளை உள்ளே விட சங்கத்தில் அனுமதி இல்லை, காம்பவுண்டுக்கு வெளியே நிற்கும். ராத்திரி முழுக்க அடுத்தவர் வண்டிகளுக்குக் காவல் இருந்துவிட்டு விடியற்காலை வெளியே வந்தால், அவருடையதைக் காணோம். ஸ்டேஷனுக்குப் போனார். "பழைய சைக்கிள்தானே பெரியவரே, காணாமப் போச்சுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார்களாம். புகார் கொடுத்ததற்கு அத்தாட்சியான சி.எஸ்.ஆர். ரசீதுகூட இல்லை.

முன்பெல்லாம் இப்படித் தட்டிக் கழித்தால் கேள்வி கேட்கலாம். பழைய தண்டனைச் சட்டத்தின் 379-ஆம் பிரிவில் திருட்டு என்றால் திருட்டுதான், பொருளின் விலையை வைத்துப் போலீஸின் வேலை மாறாது. இப்படிப்பட்ட குற்றங்களுக்குப் புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் கதை வேறு. மகளுடைய சைக்கிளை என்னிடம் சர்வீஸுக்கு விடும் வக்கீல் ஒருவர்தான் விளக்கினார். பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவில், பொருள் 5,000 ரூபாய்க்குக் கீழ் இருந்து, திருடியவன் முதல்முறை மாட்டியவனாக இருந்து, பொருளையோ பணத்தையோ திருப்பிக் கொடுத்தால் சமூக சேவைதான் தண்டனை. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சைக்கிள் திருடிய பையனை ஜெயிலில் போட்டு யாருக்கு என்ன லாபம்?

வில்லங்கம் அதோடு சேர்ந்து வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. அந்த 5,000 ரூபாய்க்குக் கீழான திருட்டை, மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத குற்றங்களின் பக்கம் தள்ளிவிட்டார்கள். விசாரிக்காமல் திருடனை எப்படிப் பிடிப்பது, பிடிக்காமல் யாருக்குச் சமூக சேவை கொடுப்பது? ஓட்டிப் பழகிய சைக்கிள் 2,000, 3,000 ரூபாய்க்குத்தான் கைமாறுகிறது. பெரியவருடையது அவ்வளவுகூடப் போகாது. ஆனால் அது இல்லாமல் பஸ் ஓடாத நேரத்தில் அவர் வேலைக்கு வர முடியாது.

சைக்கிளைக் கண்டுபிடிக்க முடியாது என்பதும் சாக்குதான். பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியிலோ சீட்டுக் குழாயிலோ ஃபிரேம் நம்பர் குத்தியிருக்கும். ஜப்பானில் சைக்கிள் விற்கும் கடையிலேயே சில நூறு யென் வாங்கிக்கொண்டு போலீஸ் பதிவு செய்து, எண்ணை ஒட்டி அனுப்புகிறார்கள். நம் ஊரிலும் அப்பா காலத்தில் சைக்கிளுக்கு வரி கட்டி வில்லை வாங்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். வரி வசூலிக்க நம்பர் போட முடிந்தது, திருட்டைப் பிடிக்க முடியாதா? 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் இன்று பதினோராம் வகுப்புப் பையன்களுக்கும் பெண்களுக்கும் விரிந்திருக்கிறது. கொடுக்கும் மேடையிலேயே அந்த எண்களை ஒரு பட்டியலாக்கி உள்ளூர் ஸ்டேஷனுக்கு அனுப்பலாம்.

அட்டவணையை மாற்றுவதும் நடக்காத காரியமல்ல. பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்காக இதே புதுச் சட்டங்களில் 2025 ஜனவரியில் நம் சட்டப்பேரவை திருத்தம் கொண்டுவந்தது. சைக்கிளுக்காகவும் ஒரு திருத்தம் கொண்டுவரட்டும்.

அதுவரை, புதுசாக வாங்குகிறவர்கள் பில்லைத் தொலைக்காதீர்கள். ஃபிரேம் நம்பரோடு சேர்த்து போனில் படம் எடுத்து வையுங்கள். என் சைக்கிள் 5,000 ரூபாய்க்கு மேல் என்று ஸ்டேஷனில் காட்ட வேறு எதுவும் கையில் இருக்காது.