ஒப்பந்த மேசையும் செண்பகத்தோப்பும்

புவி வெப்பமடைதலைத் தடுக்கும் பன்னாட்டு ஒப்பந்தங்களில் இந்தியா, சீனா போன்ற பெரிய வளரும் நாடுகளுக்கும் கடப்பாடு உண்டா என்பது முப்பதாண்டுகளைக் கடந்த வழக்கு. பொறுப்பு எல்லோருக்கும் பொது, அதன் அளவு மட்டும் வேறு என்றது 1992இன் ரியோ உடன்படிக்கை. 1997இன் கியோட்டோ நெறிமுறை தொழில்வள நாடுகளை மட்டுமே கட்டுப்படுத்தியது; வளரும் நாடுகளுக்குத் தந்த விலக்கையும் ஒரு காரணமாகக் காட்டி 2001இல் அமெரிக்கா ஒதுங்கிக்கொண்டது. 2015இன் பாரிஸ் ஒப்பந்தத்தில்தான் ஏறத்தாழ எல்லா நாடுகளும் தத்தம் இலக்கைத் தாமே குறித்துக்கொண்டு உள்ளே வந்தன.

வந்தது சரியே என்பது நம் கருத்து. இராஜபாளையத்தையே பார்ப்போம். 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா இங்கே நிறுவிய நூற்பாலையிலிருந்து வளர்ந்த குழுமம், பின்னாளில் சிமெண்டுத் தொழிலிலும் கால்பதித்தது. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கரியமில வாயு பிரியும்; எரிபொருளை மாற்றினாலும் கல்லுக்குள் இருப்பது வெளியேறியே தீரும். நம் பள்ளிகளும் பாலங்களும் எழுவதற்கோ சிமெண்டு வேண்டும். எனவே, நம்மை விலக்கிய ஒப்பந்தம் பயன் தராது. நம் வளர்ச்சிக்கு இடம்விடாத ஒப்பந்தம் நீதியாகாது. 2024இல் பாக்கூ மாநாட்டில், வளரும் நாடுகளுக்கென 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று முடிவானபோது, அது போதாதென்று இந்தியா அரங்கிலேயே மறுத்துரைத்தது. அந்த மறுப்பில் நியாயம் இருந்தது.

ஆனால், வெளியே கேட்கும் நியாயத்தை உள்ளே வழங்குகிறோமா? அண்டை ஊரான ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, செண்பகத்தோப்பு மலையடிவாரத்தில் பளியர் குடியிருப்பு இருக்கிறது. அதைச் சூழ்ந்த காடு 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாயிற்று. 2021இல் மேகமலையோடு இணைந்து புலிகள் காப்பகமாயிற்று. காடுகளும் மரங்களும் 2030க்குள் கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவை ஈர்க்கும் என்று இந்தியா உலகுக்கு வாக்களித்திருக்கிறது. அந்த வாக்கைக் காப்பாற்றுவதில் இத்தகைய மலைகளுக்குப் பெரும் பங்குண்டு. அங்கே தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்துவந்த மக்கள் காற்றை மாசாக்கியது அநேகமாக ஒன்றுமில்லை.

இந்தியரின் தலைக்கணக்கு உமிழ்வு உலகச் சராசரியில் பாதிக்கும் குறைவு என்று ஒவ்வொரு மாநாட்டிலும் எடுத்துரைக்கிறோம். உண்மைதான். அந்தச் சராசரியைத் தாழ்த்திக் கொடுப்பவர் பளியரும் அவரையொத்த கோடிக்கணக்கான ஏழைகளும். அவர்களின் மறைவில் நிற்பவர்களோ காரும் குளிர்சாதன அறையும் உடைய நாம்.

ஆகவே, இனி வரும் ஒப்பந்தங்களில் இந்தியா துணிந்து கடப்பாடு ஏற்கட்டும். செல்வ நாடுகளிடம் நிதியையும் உறுதியாகக் கேட்கட்டும். கூடவே, 2006இன் வன உரிமைச் சட்டம் தரும் உரிமைகளை மலைமக்களுக்கு முழுமையாக வழங்கட்டும். காட்டின் பெயரால் வரும் பணத்தில் அவர்களுக்கொரு பங்கைச் சட்டப்படி எழுதி வைக்கட்டும். ரியோவில் நாம் வாதாடிப் பெற்ற கோட்பாடு செண்பகத்தோப்புக்கும் பொருந்த வேண்டும்.