தூக்கிப் போட்டால் நீந்துவான்

எங்கள் பக்கத்தில் நீச்சல் கற்றுக்கொடுக்க ஒரே ஒரு முறைதான் இருந்தது. பையனைத் தூக்கிக் கிணற்றுக்குள் வீசுவது. "தூக்கிப் போட்டா தானா நீந்துவான்" என்பதுதான் மொத்தப் பாடத்திட்டம். சில வீடுகளில் கொஞ்சம் கருணை உண்டு. முதுகில் சுரைக்குடுக்கை கட்டிவிடுவார்கள், இல்லையென்றால் இடுப்பில் கயிறு இருக்கும். என் மாமாவுக்குச் சுரைக்குடுக்கையில் நம்பிக்கை கிடையாது. ஒன்பது வயதில், மேலூர்ப் பக்கத்துக் கிணறு ஒன்றில் விழுந்தேன், குடித்தேன், மூழ்கினேன். யாரோ தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள். படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தபோது சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருஷம், தண்ணீர் கழுத்துக்கு மேல் வரும் எந்த இடத்துக்கும் நான் போனதில்லை.

இந்தக் கதையை இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது. நாற்பத்து நான்கு வயதில், 96 கிலோ எடையோடும் எல்லைக்கோட்டில் நிற்கும் சர்க்கரையோடும், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்யும் ட்ரையத்லானுக்குப் பயிற்சி எடுக்கக் கிளம்பினேன். அந்த உலகத்தில் நான் சந்தித்தவர்களில் பாதிப்பேர் என் மாமாவாகவே இருந்தார்கள். டி-ஷர்ட் மட்டும்தான் வேறு.

"மனசு வெச்சா முடியும் சார்." "உடம்பு பொய் சொல்லும், அதைக் கேக்காதீங்க." "மொதல்ல பணத்தைக் கட்டிப் பேரைப் பதிஞ்சிடுங்க, மத்ததெல்லாம் தானா வரும்." இதையெல்லாம் ஊக்கம் என்று நினைத்துத்தான் சொல்கிறார்கள். நான் இதை ஊக்கம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். கிணற்று மேட்டில் நின்று பேசுகிற பேச்சு இது. பேசுகிறவர் மேட்டில் நிற்கிறார், தண்ணீருக்குள் இருப்பவன் நான்.

தூரங்களைச் சொல்லிவிடுகிறேன், தெரியாதவர்களுக்காக. ஸ்பிரின்ட் என்ற குறுகிய வடிவத்தில் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். 2000ல் சிட்னியில் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்ந்த வடிவம் இதற்கு இரண்டு மடங்கு. அதற்கு மேல் 'ஹாஃப்': 1.9, 90, 21.1. அதற்கும் மேல் முழு அயர்ன்மேன்: 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 சைக்கிள், 42.2 ஓட்டம், பதினேழு மணி நேரத்துக்குள். உடம்பு வளையாத, மூச்சு வாங்குகிற ஒரு மத்திய வயது ஆள் எங்கே தொடங்க வேண்டும் என்பதைக் கணக்கு தெரிந்த எவரும் சொல்லிவிடலாம். ஆனால் நான் சேர்ந்திருந்த வாட்ஸப் குழுவில் ஸ்பிரின்ட் என்றால் ஒரு சிரிப்பு. "அது பசங்க போட்டி சார்." 2019ல் கோவாவில் ஹாஃப் நடக்கத் தொடங்கியது. குழுவில் புதிதாகச் சேருகிறவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "எப்போ கோவா?" நீந்தத் தெரியுமா என்று கேட்பது இரண்டாவதாக. சில நேரம் அதுவும் கிடையாது.

இந்த மனோபாவத்துக்கு ஒரு புராணம் இருக்கிறது. 1978ல் ஹவாயின் ஓவாஹு தீவில் பதினைந்து பேர் கிளம்பினார்கள், பன்னிரண்டு பேர் முடித்தார்கள். கோர்டன் ஹாலர் என்பவர் பதினொன்றே முக்கால் மணி நேரத்தில் முதலாவதாக வந்தார். முன்னால் போய்க்கொண்டிருந்த ஜான் டன்பாருக்கு உதவியாளர்களிடம் தண்ணீர் தீர்ந்துபோக, பீரைக் கொடுத்தார்கள். போட்டி விதிகள் அடங்கிய தாளிலேயே, முடித்தால் ஆயுசுக்கும் பீற்றிக்கொள்ளலாம் என்ற பொருளில் எழுதியிருந்தது. சாதாரண மனிதர்கள், மனவலிமை, சாதனை என்று இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அந்தத் தீவில் ஏற்கெனவே தனித்தனியாக நடந்துகொண்டிருந்த ஒரு கடல் நீச்சல், ஒரு சைக்கிள் சுற்று, ஒரு மாரத்தான் மூன்றையும் ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரி ஒன்றாகத் தைத்தார் என்பதைச் சொல்வதில்லை. டன்பார் கடற்படையின் சிறப்புப் படையில் பயிற்சி பெற்றவர், ஹாலர் தேர்ந்த ஓட்டக்காரர். கணினி முன்னால் இருபது வருஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தவர்கள் அல்ல.

இன்னொரு காட்சி 1982ல். ஜூலி மாஸ் என்ற மாணவி கடைசி நேரத்தில் கால் ஒத்துழைக்காமல் விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து, எல்லைக்கோட்டைத் தவழ்ந்து கடந்தார். முன்னணியில் இருந்தவர், இரண்டாவதாகத்தான் வந்தார். தொலைக்காட்சியில் வந்த அந்தக் காட்சி இந்த விளையாட்டை உலகம் முழுக்கப் பரப்பியது. அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் ஒரு விளையாட்டு தன் அடையாளப் படமாக, உடம்பு கைவிட்ட கணத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது என்பதை யோசித்துப் பாருங்கள். எங்கள் குழுவில் ஒருவர் அந்தப் படத்தை வாரம் ஒருமுறை போடுவார், கூடவே நெருப்பு எமோஜி.

சரி, தண்ணீருக்கு வருகிறேன். என் சண்டை உண்மையில் அங்கேதான்.

நான் விசாரித்த நான்கு குளங்களில் மூன்றில் பெரியவர்களுக்கு வகுப்பே இல்லை. நான்காவதில் காலை ஆறு மணிக்கு எட்டு வயதுப் பிள்ளைகளோடு என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். முதல் வாரம் நான் மன உறுதியோடு நீந்தினேன். அதாவது மூச்சைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, கைகாலை அடித்தேன். எட்டு மீட்டர். அதற்குமேல் நெஞ்சு வெடிக்கிற மாதிரி இருக்கும், கிணறு ஞாபகம் வரும், விளிம்பைப் பிடித்துவிடுவேன். பயிற்சியாளருக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். பத்து நாள் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், ஏன் தண்ணியோட சண்டை போடறீங்க? மூச்சை உள்ளயே வெச்சிருக்கீங்க. தண்ணிக்குள்ள விடுங்க. குமிழி வரணும்."

அவ்வளவுதான் விஷயம். மூச்சை அடக்கினால் உடம்பில் கரியமில வாயு ஏறுகிறது, அதுதான் அந்தப் பதற்றத்தைக் கிளப்புகிறது. பதறினால் தலை தூக்குகிறோம். தலை மேலே போனால் இடுப்பும் காலும் கீழே போகும். கால் மூழ்கினால் இன்னும் பலமாக உதைக்கிறோம். தொடைத் தசை பெரிய தசை, இருக்கிற ஆக்சிஜனையெல்லாம் அதுவே தின்றுவிடும். ஒவ்வொரு படியிலும் 'இன்னும் முயற்சி செய்' என்ற புத்திமதி நம்மை இன்னும் கொஞ்சம் ஆழத்துக்கு அனுப்புகிறது. கால் எட்டும் இடத்தில் நின்றுகொண்டு, மூன்று வாரம் வெறும் குமிழி விட்டேன். பக்கத்தில் ஒரு சிறுமி, "அங்கிள், நீங்க ஏன் நீந்தவே மாட்டேங்கறீங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. இரண்டாம் மாதம் இருபத்தைந்து மீட்டரை நிற்காமல் கடந்தேன். மன உறுதியால் இல்லை. இங்கே சாக மாட்டோம் என்று உடம்பு நம்பியதால்.

"நாங்கள்லாம் அப்படி வீசித்தானே கத்துக்கிட்டோம்?" என்று என் தலைமுறைக்காரர்கள் கேட்பார்கள். கற்றுக்கொண்டவர்கள் அதைச் சொல்வார்கள்தான். கற்றுக்கொள்ளாதவர்கள் என்னைப்போல ஒதுங்கிப்போனோம், ஒரு சிலர் சொல்வதற்கே இல்லை. பல ஊர்களில் எந்தக் கிணற்றில் யார் குதிக்கலாம் என்பதைச் சாதி முடிவு செய்தது என்பதையும் இந்தப் பெருமைப் பேச்சில் யாரும் சேர்ப்பதில்லை. எங்கள் ஊரில் பெண்பிள்ளைகளை வீசக்கூட இல்லை. அந்தப் பக்கமே போகாதே என்றார்கள். இன்றைக்கு நீந்தத் தெரியாமல் நிற்கும் நாற்பது வயதுக்காரியிடம் போய் மனசு வைக்கச் சொல்வது அசிங்கம்.

உயிர் விஷயம் இது. மிகைப்படுத்தவில்லை. அமெரிக்க ட்ரையத்லான்களில் 1985 முதல் 2016 வரை நேர்ந்த மரணங்களையும், இதயம் நின்று காப்பாற்றப்பட்டவர்களையும் தொகுத்த மருத்துவ ஆய்வு ஒன்று 2017ல் வெளிவந்தது. மொத்தம் 135 பேர். அதில் 90 பேருக்கு நீச்சலின்போது. பெரும்பாலோர் ஆண்கள், சராசரி வயது நாற்பத்தாறு, நாற்பத்தேழு. உடற்கூறாய்வு நடந்தவர்களில் பலருக்கு இதயக் கோளாறு இருந்திருக்கிறது. பங்கேற்றவர்களின் எண்ணிக்கையோடு பார்த்தால் லட்சத்துக்கு இரண்டு பேர்கூட இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாற்பதைத் தாண்டிய ஆண்களிடம் அந்த விகிதம் கூடுகிறது, அதாவது என்னிடம். "உடம்பு பொய் சொல்லும்" என்று இந்த வயசுக்காரனிடம் சொல்கிறவர், முதலில் ஈசிஜியும் டிரெட்மில் டெஸ்ட்டும் எடுத்தாயா என்று கேட்டிருக்க வேண்டும். எங்கள் குழுவில் எந்த வாட்ச், எந்த ஜெல், எந்த கார்பன் சைக்கிள் என்று ஆயிரம் செய்தி ஓடியிருக்கிறது. நான் இருந்த ஏழு மாதத்தில் டிரெட்மில் டெஸ்ட் பற்றி ஒரு செய்தி வந்தது. அதைப் போட்டவன் நான்.

ஓட்டத்திலும் இதே கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். நுரையீரலும் தசையும் சில வாரத்தில் தேறிவிடும். தசைநாருக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கில் ஆகும். ஆகவே ஐந்தாவது வாரம் 'இன்னும் ஒரு கிலோமீட்டர்' போகலாம் என்று மூச்சு சொல்கிறது, குதிகால் மாட்டேன் என்கிறது. நான் மூச்சின் பேச்சைக் கேட்டேன். ஆறு வாரம் காலை எழுந்து முதல் அடி வைக்க முடியவில்லை. அதற்குப் பிறகு, பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில்தான் ஓடுகிறேன். சென்னை ஈரப்பதத்தில் வியர்வை காயாது, சூடு இறங்காது, இதயத் துடிப்பு தானாக ஏறும். பல நாள் அந்த வேகம் வெறும் நடைதான். நடக்கிறேன். சைக்கிளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டில் கிடந்த கியர் சைக்கிள், ஹெல்மெட், விடியுமுன் ஈசிஆர். அங்கே மன உறுதி தேவைப்படுவது லாரிக்காரருக்கு.

பேர் பதிந்தால்தான் பயத்திலாவது பயிற்சி செய்வோம் என்ற வாதத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. தேதி இல்லாவிட்டால் நானும் போர்வையை விட்டு எழ மாட்டேன். அந்தத் தேதி உடம்பால் எட்டக்கூடிய தூரத்துக்கு இருக்கட்டும் என்கிறேன், அவ்வளவுதான். மடோனா பியூடர் என்ற கன்னியாஸ்திரீ 2012ல் 82 வயதில் முழு அயர்ன்மேனை முடித்தார். அவர் படத்தையும் குழுவில் போடுகிறார்கள், 'வயது வெறும் எண்' என்று. அவர் ஓடத் தொடங்கியது 48 வயதில். இடையில் முப்பத்து நாலு வருஷம் இருக்கிறது, அதை யாரும் படத்தில் போடுவதில்லை.

பிப்ரவரியில் ஒரு ஸ்பிரின்ட் போட்டிக்குப் பேர் கொடுத்திருக்கிறேன். நீச்சல் பகுதி கடலில் இல்லை, குளத்தில். இப்போது நிற்காமல் 400 மீட்டர் வருகிறது. குழுவில் சொன்னேன். "குளத்துலயா?" என்று ஒருவர் கேட்டார், அந்தச் சிரிப்போடு. ஆமாம், குளத்தில்தான். அங்கே கால் எட்டும்.